வலப்பக்கமே போகும் பந்து குறித்துச் சம்பந்திக்கு

பெனிஷ்,
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி எர்குலானு அவர்களின் சமூகத்துக்கு, அடெலீனு குவரேஷ்மா மிகுந்த பணிவோடும் அதைவிட மிகுந்த கலக்கத்தோடும் எழுதுவது.

நானும் என் மனைவி பெல்மீராவும் சுகம். இப்படித் தொடங்குவதுதான் மரியாதை என்பதால் தொடங்குகிறேன். பெல்மீரா உண்மையிலேயே சுகம். என்னைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எனக்குப் போனில் மெதுவாகப் பேச வராது, பெல்மீராவுக்கோ பாம்புக் காது. நீங்களும் விசேயுவில் காபிக்கடை மேசைமேல் போனை வைத்து ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவர். போன மாதம் என் மூலவியாதியைப் பற்றி உங்களிடம் சொன்னபோது, நான் முகம்கூடப் பார்த்திராத யாரோ ஒருவர் நடுவில் புகுந்து வெந்நீரில் உட்காரச் சொன்னார். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடவும்.

சம்பந்தி, என் பந்து வலப்பக்கம் போகிறது. ஒரு நாள் இரு நாள் இல்லை, எப்போது அடித்தாலும் வலப்பக்கம்தான். போன கிறிஸ்துமஸுக்கு நம் பிள்ளைகள் லக்ஸம்பர்க்கிலிருந்து வந்தபோது நம் இருவருக்கும் டிவியில் அந்த கோல்ஃப் விளையாட்டைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள் அல்லவா? நீங்கள் சனிக்கிழமை உங்கள் மாப்பிள்ளை நூனுவோடு ஆடுகிறீர்கள், நான் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடுகிறேன். அவன் அங்கே அவன் வீட்டில், நான் இங்கே என் சோபாவில், திரையில் இரண்டு பேரும் ஒரே புல்வெளியில், பேச்சும் அதன் வழியே. எப்படி அடிப்பது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் குற்றத்தைப் படிப்படியாக எழுதுவது என் தொழில் பழக்கம். கையிலிருக்கும் கன்ட்ரோலரின் பொத்தானை ஒரு முறை அமுக்கினால் திரையின் அடியில் வெள்ளைக்கோடு ஓடத் தொடங்கும். இரண்டாம் முறை அமுக்குவது எவ்வளவு பலம் என்பதற்கு. கோடு திரும்பி ஓடிவந்து அந்தச் சின்னக் குறியைத் தொடும் கணத்தில் மூன்றாம் முறை அமுக்க வேண்டும். சரியாக அமுக்கினால் பந்து நேராகப் போகும். முந்தினால் இடது, பிந்தினால் வலது. நான் குறியைப் பார்த்துத்தான் அமுக்குகிறேன், கோடு குறிமேல் நிற்பது என் கண்ணுக்குத் தெரிகிறது, அமுக்குகிறேன், 'தாமதம்' என்று சிவப்பு எழுத்தில் வருகிறது, பந்து வலப்பக்கக் காட்டுக்குள் போய் விழுகிறது. ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக ஆயுள் முழுக்க உட்கார்ந்து, பிறத்தியாரைப் பார்த்து "தாமதம்" என்று எழுதித் தோற்கடித்தவன் நான். எனக்கே அந்தச் சொல்லைத் திரையில் காட்டினால் எப்படி இருக்கும்?

பந்து போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். விட முடியாதபடி செய்தவன் நூனு. அவன் எப்படிப்பட்ட வாய்க்காரன் என்று பெண் கொடுத்த உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் நான் ஒன்றைப் பிசகாக அடித்தால் போதும், "என்னப்பா, பந்து அடிச்சீங்களா, கடல்காக்காவுக்கு மீன் எறிஞ்சீங்களா?" என்பான். "அந்தக் குழி உங்ககிட்ட கடன் ஏதும் வாங்கல, பயப்படாமக் கிட்டப் போங்க" என்பான். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுவதையும் நகர்த்தினேன். வேறு எதைப் பற்றியும் எங்களுக்குப் பேச வராது, "வேலை எப்படி?" "போகுதுப்பா" என்பதோடு முடிந்துவிடும். பந்து வலப்பக்கம் போகத் தொடங்கியதும் முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு குறைந்தது. அப்புறம், சம்பந்தி, அவன் அன்பாகப் பேசத் தொடங்கிவிட்டான். "பரவால்லப்பா." "அவசரமே இல்லப்பா, நிதானமா அடிங்க." "தண்ணி ஏதாவது குடிச்சிட்டு வர்றீங்களா?" பெற்ற பிள்ளை திட்டுவதை நிறுத்தினால் அப்பனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்? டாக்டர்கூட அவ்வளவு மென்மையாகப் பேசமாட்டார்.

ஆகவே ஒரு முடிவு எடுத்தேன். கை பிந்துகிறது என்றால் நான் முந்த வேண்டும். கண் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே செய்துவிட வேண்டும். கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பழகினேன். சூப் குடிக்கும்போதும் மேசையில் விரலால் தட்டினேன். "யாரு அவ?" என்றாள் பெல்மீரா. "யாரு எவ?" என்றேன். "இந்த வயசுல நடனம் கத்துக்குடுக்கறவ" என்றாள். அதோடு போயிருந்தாலும் சரி. இந்த முந்தும் பழக்கம் பொத்தானோடு நிற்கவில்லை, உடம்பெல்லாம் பரவிவிட்டது. பூசையில் பாதிரியார் செபத்தை முடிக்கும் முன்பே என் 'ஆமென்' தனியாக எழுந்து கோயில் முழுக்க எதிரொலிக்கிறது. பேருந்து நிற்கும் முன்பே இறங்கக் காலை நீட்டுகிறேன். போன வாரம் மருத்துவமனை வாசலில் எங்கள் ஊர்ப் பல்தசாரைப் பார்த்தேன். அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. கட்டிப்பிடித்து, "கர்த்தர் அவங்க ஆன்மாவுக்குச் சாந்தி குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

பல்தசார் என்னைத் தள்ளி நிறுத்திப் பார்த்தார். "அடெலீனு, அவ உள்ள உட்கார்ந்து கோழி சூப்புல உப்பு இல்லன்னு சண்டை போட்டுட்டிருக்கா."

இதற்குமேல் என்ன அவமானம் என்று நினைத்தேன். நற்பயண மாதா திருவிழா வந்தது. வருஷாவருஷம் மாதாவின் பல்லக்கைத் துறைமுகம் வரை தூக்குகிறவர்களில் நானும் ஒருவன், இடப்பக்கம் முன்வரிசை. தலைவர் கோலால் தரையில் தட்டியதும் எல்லோரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். அவர் கோலை ஓங்கியதுமே நான் தூக்கிவிட்டேன். மாதா வலப்பக்கம் சாய்ந்தாள். ஆமாம் சம்பந்தி, வலப்பக்கமேதான். கிரீடம் கழன்று ஊதுகொம்புக்காரர் மேல் விழுந்தது, அவர் மூச்சை அடக்க முடியாமல் ஒரு நீண்ட ஊளை ஊதினார், அதைப் புறப்பாட்டுச் சைகை என்று நினைத்து பேண்டு வாத்தியக்காரர்கள் எல்லோரும் மாதாவை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். பாதிரியார் என்னைத் திட்டவில்லை. தோளில் கைவைத்து, "அடுத்த வருஷம் நீங்க மெழுகுவர்த்தி பிடிச்சாப் போதும்" என்றார். இவரும் அன்பாகப் பேசுகிறார்!

அடுத்தது கார். ரவுண்டானாவை நெருங்கும்போது, ஒரு வண்டி வரலாம் என்று எனக்குத் தோன்றியது. வரவில்லை. ஆனால் நான் பிரேக் போட்டுவிட்டேன். பின்னால் வந்த ரொட்டி வண்டி என் டிக்கியில் மோதி நின்றது. வண்டியிலிருந்து மாவு படிந்த தாடியோடு இறங்கியவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. என்னிடம் தேர்வில் தோற்றவன்.

"சார், நீங்களா? பிரேக் போடத் தாமதம்னு என்னை ரெண்டு தடவை தோக்கடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? இப்ப நீங்க ஒண்ணுமே இல்லாத இடத்துல போடுறீங்க. நான் எந்தக் கணக்குல ஓட்டுறது?"

டிக்கியை நசுங்கியபடியே சாத்தி, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, வீடுவரை நடந்து போகிறவர்களெல்லாம் என்னை முந்தும் வேகத்தில் வந்து சேர்ந்தேன்.

நேற்று பெல்மீராவுக்குத் தெரியாமல் சுகாதார நிலையத்துக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் டாக்டர், சின்னப் பெண், நல்ல மாதிரி.

"கோல்ஃப் ஆடறப்ப கை தாமதமாகுது டாக்டர்" என்றேன்.

"நல்ல பயிற்சிதான். எங்க ஆடுறீங்க?"

"ஸ்காட்லாந்துல."

"அடிக்கடி போவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம. மதியச் சாப்பாடு முடிஞ்சதும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நேத்தும் போனீங்களா?"

"போனேன். ஒரே காத்து. பையன் லக்ஸம்பர்க்லேருந்து வந்திருந்தான். நாலு மணிக்குள்ள முடிச்சுட்டோம், பெல்மீரா காபி போட்டு வச்சிருந்தா."

அவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு மிக மெதுவாக, "இன்னிக்கு என்ன..." என்று ஆரம்பித்தார். வயதைத்தான் கேட்கிறார் என்று நான் முந்திக்கொண்டு, "எழுபத்திரண்டு" என்றேன். அவர் கேட்க வந்தது கிழமையை. அதற்கப்புறம், அது டிவியில் ஆடும் விளையாட்டு, மூன்று முறை பொத்தானை அமுக்க வேண்டும், ஸ்காட்லாந்து என்பது படம் என்றெல்லாம் விளக்கினேன். விளக்க விளக்க அவர் கண்ணில் இரக்கம்தான் கூடியது. லெய்ரியாவில் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். எடுத்துப் படிக்கத் தைரியம் இல்லை.

இதெல்லாம் போகட்டும். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். எவ்வளவு முந்துவது என்று எனக்கே கணக்குப் பிடிபடவில்லை. ஒரு பந்து இடது, அடுத்தது வலது, அடுத்தது தண்ணீரில். நூனு, "அப்பா, அடுத்த வாரம் வேற ஏதாவது ஆடலாமா? பழங்களை ஜோடி சேர்க்கிற விளையாட்டு ஒண்ணு இருக்கு. நேரக் கணக்கெல்லாம் கிடையாது. ரொம்பச் சுலபம்" என்றான். சரி என்றேன். கன்ட்ரோலரை அணைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பழம், சம்பந்தி. அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தரையில் உட்கார்ந்து நான் அவனுக்குக் காட்டிய ஆப்பிளும் பேரிக்காயும்.

ஆகவே தீர யோசித்து முடிவு செய்திருக்கிறேன். நீங்கள் மாட்டு வைத்தியராக இருந்தவர், உதைக்கிற பசுவுக்கு ஊசி போட்ட கை உங்களுடையது, அது பிந்தாது. என் ஞாயிற்றுக்கிழமையையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பாடற்குழுவில் சேர்ந்துவிட்டதாகவும் ஞாயிறுதோறும் ஒத்திகை என்றும் நூனுவிடம் சொல்லிவிடுங்கள். என் குரலை அறிந்தவன் நம்பமாட்டான், இருந்தாலும் சொல்லுங்கள். காரையும் நீங்களே வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள், சாவியை இந்த உறையிலேயே வைக்கிறேன். டிக்கியைத் திறக்க வேண்டாம், திறந்தால் மூடாது. பெல்மீராவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். உங்கள் பெண் ஃபிலிப்பாவுக்கும் தெரிய வேண்டாம். நான் பழங்களை ஜோடி சேர்க்கும் நிலைக்கு வந்துவிட்டதை மருமகள் அறியக் கூடாது.

சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கங்கள். உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டுகிறேன். நற்பயண மாதா உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். இனிமேல் நான் தூக்கப் போவதில்லை என்பதால் அவளும் பத்திரமாக இருப்பாள்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
அடெலீனு குவரேஷ்மா

பின்குறிப்பு: சனிக்கிழமை. ஒட்டிய உறையைக் கிழித்து மறுபடி எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். உறையில் சாவி இருக்காது, தேடாதீர்கள். புதன்கிழமை வாசல் மணி அடித்தது. மணி அடிக்கும் முன்பே கதவைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் திறந்தது பெல்மீரா. நூனு கையில் பையோடு நிற்கிறான்! "உங்கப்பா எல்லாத்தையும் முன்னாடியே செஞ்சு முடிக்கிறாருடா, எனக்குப் பயமா இருக்கு" என்று இவள் எனக்குத் தெரியாமல் அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். என்னை ஏற இறங்கப் பார்த்தான். சோபாவில் உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்தான், அடித்தான். பந்து வலப்பக்கக் காட்டுக்குள் போனது. இன்னொன்று அடித்தான். அதுவும் காட்டுக்குள். பரம்பரை வியாதி என்று நினைத்துவிட்டேன்.

"அம்மா, இந்த டிவியில கை வச்சது யாரு?" என்றான்.

பெல்மீரா கைவைத்திருக்கிறாள். அவளுடைய தொடர் நாடகத்தில் முகமெல்லாம் பளபளவென்று தெரிய வேண்டும் என்று எதையோ அமுக்கி மாற்றியிருக்கிறாள். "அப்பா, இது ஒவ்வொரு படத்துக்கும் பவுடர் பூசி, தலை சீவி, அதுக்கப்புறம்தான் உங்க கண்ணுக்குக் காட்டுது. நீங்க பார்க்கறதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சிருது. உங்க கையில ஒரு கோளாறும் இல்ல" என்றான் நூனு. "அப்ப என் நாடகத்துல எல்லாருக்கும் மறுபடி சுருக்கம் வந்துருமா?" என்றாள் பெல்மீரா. அவளுடைய கவலை அவளுக்கு.

விளையாட்டுக்கென்று இருக்கிற முறைக்கு டிவியை மாற்றிக் கொடுத்தான். லெய்ரியா சீட்டை நானே கிழித்தேன். இப்போது முந்தி முந்திப் பழகிய என் கையால் பந்து இடப்பக்கம் போகிறது. "அப்பா, அந்தப் பக்கம் உங்களுக்கு யாரு சொந்தக்காரங்க?" என்று வாய் ஓயாமல் திட்டுகிறான். காது குளிர்ந்துவிட்டது. நாளை அவன் புறப்பட வேண்டியது. "இந்தக் கையை நேராக்காம நான் எப்படிப் போறது?" என்று அடுத்த வியாழக்கிழமைக்குப் பயணத்தைத் தள்ளிவைத்திருக்கிறான்.

சம்பந்தி, இது நம் இருவரோடு இருக்கட்டும். கை நேற்றே சரியாகிவிட்டது. அவனும் அம்மாவும் சந்தைக்குப் போயிருந்தபோது தனியாக ஆடிப் பார்த்தேன், அடித்த பந்தெல்லாம் நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. அவன் வந்ததும் இடப்பக்கம் அடித்தேன். ஃபிலிப்பா கேட்டால், அடெலீனுவுக்கு இன்னும் குணமாகவில்லை என்று சொல்லவும். உங்கள் பெண்ணிடமே பொய் சொல்லச் சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். சரியாக அடிப்பதுகூடச் சுலபம், வேண்டுமென்றே பிசகாக அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. இன்று காலையில் கவனம் தப்பி ஒன்றை நேராக அடித்துவிட்டேன். நூனு திரும்பி என்னைப் பார்த்தான். உடனே அடுத்த மூன்று பந்தையும் தண்ணீரில் விட்டேன்.