எட்டு மாமாவும் ஒரு சீர்த்தட்டும்

பயந்த சுபாவக்காரர்கள் தப்பே செய்ய மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து மூன்று தடவை திரும்பி வருகிறவள் நான். அப்படிப்பட்ட நான்தான், ஒரே மத்தியானத்தில் என் சொந்தத் தாய்மாமனை எட்டுப் பேராக்கினேன்.

சுனாமிக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து நடந்தது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, காரைக்காலில் கம்ப்யூட்டர் கிளாஸ் போய் (வீட்டில் தையல் கிளாஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்), எப்படியோ எங்கள் ஊர்ப் படகுச் சங்கத்துக்குப் புரோகிராம் எழுதும் வேலைக்கு வந்திருந்தேன். ஒரு படகு, அதில் போகிற ஆட்கள், ஒவ்வொருவருக்கும் பொறுப்பான ஓர் உறவினர். இவ்வளவையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, என் டாட்நெட் புரோகிராம் சென்னைக் கம்பெனி ஒன்று ஜாவா என்ற வேறு மொழியில் எழுதிய புரோகிராமுக்கு, வெப் சர்வீஸ் என்கிற இன்டர்நெட் வழியில் அனுப்பும். அது படகில் போகிறவர்களின் தலைகளை எண்ணிப் பார்த்து, கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு தரும். பத்துக்கு மேல் போனால் சீட்டு கிடையாது.

செல்வராசு மாமாவின் படகில் அவரோடு எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் உறவினர் என்ற இடத்தில் அவர் பெயரையே கொடுத்திருந்தார்கள். (“நீங்களும் அதே படகுலதான மாமா போறீங்க?” என்று கேட்டேன். “போனா என்னா? எல்லாத்துக்கும் நாந்தான் பொறுப்பு” என்றார்.)

பதினைந்து தடவை சோதித்திருந்தேன். ஆனால் சோதனைக்காக நான் கற்பனை செய்த படகில், ஒருவருக்கும் மற்றவர் சொந்தமில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒரு படகே கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மறுநாள் விடிகாலை எல்லாப் படகும் கிளம்ப வேண்டும். முதல் சீட்டு மாமாவுக்கு. பின்னால் ஊரே வரிசையில் நிற்க, பட்டனை அழுத்தினேன்.

‘ஆட்கள்: 15. அனுமதி இல்லை.’

சென்னைக்குப் போய்ச் சேர்ந்த பட்டியலைத் திறந்தேன். செல்வராசு. செல்வராசு. செல்வராசு.

“என்னாடி, எம் பேராவே வருது?”

“அங்க எட்டு செல்வராசு இருக்கீங்க மாமா.”

“ஒரு செல்வராசையே ஊரு தாங்கல!” என்று வரிசையில் யாரோ கத்தினார்கள். மாமா சிரிக்கவில்லை. “நாளைக்கு எல்லாரும் போவயில நான் மட்டும் கரையில நிக்கவா?” என்றார் மெதுவாக.

பிறகுதான் புரிந்தது. என் கம்ப்யூட்டருக்குள் இருந்தது ஒரே மாமா. ஏழு பேரும் அவரை நோக்கி விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். விரல் ஒயர் வழியாகப் போகாது. அதனால் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு முழு மாமாவை நகலெடுத்து அனுப்பியிருந்தேன். அவர் படகில் போகிறவராயிற்றே, ஒவ்வொரு நகலும் ஒரு தலையாகிவிட்டது.

உறவினர் இடத்தில் ஆளை எடுத்துவிட்டு பட்டியலில் அவருடைய வரிசை எண்ணை மட்டும் வைத்தேன். சென்னைக் கம்பெனிக்காரர் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு தன் பக்கத்துப் புரோகிராமை மாற்றினார். ஐந்து மணிக்கு ‘ஆட்கள்: 8’ என்று வந்தபோது நான் அழுதேவிட்டேன். விடிகாலையில் மாமாவின் படகு முதலில் கிளம்பியது.

என் கல்யாணத்தில் மாமா சீர் கொண்டு வந்தார். அம்மா தட்டைப் பார்த்தாள். “ஏண்டா, எட்டு தாய்மாமன் இருந்தும் ஒரு தட்டுதானா?”

“மத்த ஏழு பேரும் மெட்ராசுலயே நின்னுட்டானுவக்கா. அனுப்பி வச்சவ ஒம் மொவதான், அவளயே கேளு!”

இன்றைக்கும் மாமா போன் செய்தால் என் கணவர் முதலில் கேட்பது, “எத்தனாவது மாமா பேசுறீங்க?”

“கடலுக்குப் போனவன் பேசுறேன் மாப்ள.”