முதல் நாற்காலியும் என் வலது காலும்

எங்கள் சர்ச்சில் என் பெயர் இல்லாத இடம் கழிவறை ஒன்றுதான். அதற்கும் நான்தான் டைல்ஸ் போட்டுக் கொடுத்தேன். பெயர்ப்பலகை மாட்ட ஃபாதர் சம்மதிக்கவில்லை. மற்றபடி காற்றாடி, ஒலிபெருக்கி, பாடகர் குழு உட்காரும் பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி, எதைத் திருப்பிப் பார்த்தாலும் ‘உபயம்: எஸ். அருளப்பன், லோரி முதலாளி, கிள்ளான்’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பிழையில்லாமல் எழுதத் தெரிந்தது என் பெயர் மட்டும்தான். தெரிந்ததை நாலு இடத்தில் எழுதினால் என்ன தப்பு?

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், தொண்டு செய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நான் மனதார நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் ஒரு பெரிய வியாழக்கிழமை, பீடத்தின் மேல், கேமராவுக்கு முன்னால், ஒரு குருவானவரை ‘டேய்’ என்று கூப்பிட்டேன்.

இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவினார் அல்லவா? அதை நினைத்து, பெரிய வியாழன் மாலைப் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். இரண்டு காலையும் அல்ல, வலது காலை மட்டும். அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பவர் பிலோமினா டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், சர்ச் முழுவதையும் தன் வகுப்பறையாகவே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா. அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டதில்லை. கூரை ஒழுகினால் அருளப்பன் வேண்டும். கால் கழுவ அருளப்பன் வேண்டாமா? (இதைப் பலரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் சரி என்று சொல்லவில்லை.)

அந்த வருடம், நாலு நாள் முன்னதாகக் குருத்தோலை ஞாயிறன்று டீச்சர் வாசித்த பட்டியலில் முதல் பெயர் சவரிமுத்து.

சவரி என் ஆள். என் முதல் லோரியில் என்கூடவே வந்து சாமான் ஏற்றி இறக்கிய கெலிண்டான். பிறகு என்னிடமே டிரைவர். இப்போது மனைவி ரோசம்மாவோடு பண்டமாரானில் இருக்கிறான். சர்க்கரை வியாதி அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. உடனே ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். (முதுகுப் பக்கம் சிவப்பு எழுத்தில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) பிறகு வலது காலிலும் புண். ஈஸ்டர் முடிந்ததும் அதையும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார்.

அன்று பூசை முடிந்ததும் சவரி நாற்காலியை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“கேட்டீங்களா முதலாளி? என் பேரு!”

“கேட்டேன், கேட்டேன்.”

“போகப்போற கால். போறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஃபாதர் கையால கழுவி அனுப்பிடணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

இப்படி ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் மனிதனாகப் பிறந்தவன் என்ன செய்வான்? நான் நேரே கார் நிறுத்தும் இடத்துக்குப் போய் பிலோமினா டீச்சரைப் பிடித்தேன்.

“டீச்சர், சவரிக்குக் கால்ல புண்ணு. தண்ணி படலாமா?”

“பாதத்து மேல ரெண்டு சொட்டு விட்டாப் போதும்னு ஃபாதர் சொல்லிட்டாரு.”

“பீடத்துக்கு மூணு படி இருக்கு. வீல்சேர் எப்படி ஏறும்?”

“நாலு பேரு தூக்குவாங்க லா.”

“தூக்கி, வழுக்கி, விழுந்துட்டா? லைவ்ல போவுது டீச்சர். ஆஸ்திரேலியாவுலேருந்து என் மக பாக்குறா.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “உங்களுக்கு என்ன வேணும் அருளப்பன்?”

“எனக்கா? எனக்கு ஒண்ணும் வேணாம். அவன் எடம் காலியாக் கெடக்கக் கூடாதேன்னுதான். வேணும்னா நான் உக்காந்துக்கறேன். ஒரு சேவைதானே?”

“சவரி சரின்னு சொன்னா சரி” என்று சொல்லிவிட்டு டீச்சர் காரில் ஏறினார்.

சவரியைச் சரி என்று சொல்ல வைப்பது எனக்குப் புதிதா? புண்ணில் தண்ணீர் பட்டால் டாக்டர் திட்டுவார், படியில் விழுந்தால் ரோசம்மா அழுவாள், எல்லாவற்றையும் நான் பேசி முடித்துவிட்டேன் என்றேன். அவன் சக்கரத்தின் ரப்பரை விரலால் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தான்.

“நீங்க சொன்னா சரிதான் முதலாளி.” லோரிக் காலத்துப் பழக்கம். பிறகு, “சிலிப்பர் போட்டுட்டு வாங்க. கழட்ட லேசு” என்றான்.

ரப்பர் சிலிப்பரா? ஆஸ்திரேலியா வரைக்கும் போகிற காலுக்கா? திங்கட்கிழமையே பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய், மூக்கு கூரான கறுப்புத் தோல் சப்பாத்து ஒன்று வாங்கினேன். கடைக்காரப் பையன், “அங்கிள், ஒரு சைஸ் பெருசா எடுங்க” என்றான். “என் கால் எனக்குத் தெரியும் பாஸ்” என்றேன்.

புதன்கிழமை லோரிக் காலத்துச் சீன முதலாளி, தவுக்கே என்போம், ஒருவர் பக்குத்தே சாப்பிடக் கூப்பிட்டார். கிள்ளானில் பிறந்துவிட்டுப் பன்றி எலும்புச் சூப்பு வேண்டாம் என்று சொன்னால் ஊரைவிட்டே தள்ளி வைத்துவிடுவார்கள். என் மனைவி ஸ்டெல்லா, “பெரிய வாரம்ங்க, கறி வேணாம்” என்று ஞாபகப்படுத்தினாள். “யாவார விஷயம்” என்றேன். (லோரிகளெல்லாம் மகன் கைக்குப் போய் வருடக்கணக்காகிறது. எனக்கு ஒரு யாவாரமும் கிடையாது.) எலும்பு, குடல், ஈரல், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

எனக்குக் கௌட் என்கிற மூட்டு வீக்க வியாதி உண்டு. மாமிசம் மிஞ்சினால் பெருவிரல் கணக்குத் தீர்க்கும். வியாழக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், வலது கால் பெருவிரல் ரம்புத்தான் பழம்போலச் சிவந்து நின்றது. போர்வை பட்டாலே உயிர் போயிற்று. ஸ்டெல்லா சிலிப்பரை எடுத்து வைத்தாள். நான் சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வந்து, குதிகாலுக்குப் பின்னால் விட்டு நெம்பி, அந்தக் காலைச் சப்பாத்துக்குள் இறக்கினேன். இரண்டு டன் இயந்திரத்தைக் குறுகின சந்தில் இறக்கியவன் நான். இது எம்மாத்திரம்?

மாலையில் முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் பதினொரு பேரும் சிலிப்பரில் வந்திருந்தார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கீழே முதல் வரிசை ஓரத்தில் சவரி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வலது காலில் அப்போதுதான் மாற்றிய புதுக் கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களில் நகம் வெட்டியிருந்தது. ஒருவேளை கடைசி நேரத்தில் ஏதாவது மாறி அவனைக் கூப்பிடலாம் என்று ரோசம்மா வெட்டிவிட்டிருக்கிறாள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபாதர் டேனியல் இளம் வயது. மெதுவாகப் பேசுகிற பிள்ளை. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பேசினோடு என் முன்னால் மண்டியிட்டார். பாடகர் குழு பாட ஆரம்பித்தது. சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன். வயிறு பாதி வழியில் நிறுத்திவிட்டது.

“விடுங்க அங்கிள், நான் கழட்டுறேன்.”

குதிகாலைப் பிடித்து மெல்ல இழுத்தார். சப்பாத்து அசையவில்லை. என் கண்ணுக்குள் வானவேடிக்கை. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்திரேலியா பார்க்கிறதே. அவர் ஒரு கையால் குதிகாலையும், மறு கையால் அந்தக் கூர்மூக்கையும், அதாவது சரியாக என் பெருவிரலையும், இறுக்கிப் பிடித்துக்கொண்டு இழுத்தார். அந்த நேரம் பார்த்துப் பாட்டில் ஒரு சரணம் முடிந்தது. அந்த அமைதியில், ஃபாதரின் கழுத்துப்பட்டையில் குத்தியிருந்த மைக்கில், நான் உபயம் செய்த ஒலிபெருக்கிகள் அத்தனையிலும், என் குரல் கேட்டது.

“டேய்! விடுடா!”

வாய்தான் என்னுடையது; கால் அதுவாகவே உதைத்தது. ஃபாதர் மல்லாந்தார். பேசின் கவிழ்ந்தது. தண்ணீர் அவர் மார்பை நனைத்து, மூன்று படியும் இறங்கிக் கீழே ஓடியது.

சபை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தண்ணீரைப் பார்த்தேன். அது தரையில் நெளிந்து நெளிந்து சவரி இருந்த பக்கம் போனது. அவனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியின் மிதியிலிருந்து காலை எடுத்து, ஒரு கையால் தொடையைத் தாங்கிக்கொண்டு, நீட்டினான். இன்னும் கொஞ்சம் நீட்டினான். தண்ணீர் ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. யாரோ ஓடிவந்து துடைப்பத்தால் இழுத்துத் துடைத்தார்கள். சவரி காலை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டான்.

ஃபாதர் எழுந்து, வேறு தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, என் சப்பாத்தின் மேலேயே கொஞ்சம் ஊற்றித் துடைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். எனக்குத் தெரிந்து, பெரிய வியாழனில் சப்பாத்தைக் கழுவக் கொடுத்த முதல் ஆள் நான்தான். அதிலும் முதலிடம்.

பூசை முடிந்ததும் என்னைப் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். ஸ்டெல்லா தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு சவரியின் நாற்காலி வந்தது. பின்னால் ரோசம்மா. கட்டுப் பிரிக்கும் கத்தரிக்கோலை அவளுடைய கைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

“காலக் குடுங்க.”

“டேய், வேணாம்டா.”

“என்னையும் டேயா? உதைச்சா என்னால திரும்ப உதைக்க முடியாதுன்னு தைரியமா? குடுங்க முதலாளி.”

என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, புதுச் சப்பாத்தின் தையலை ஓரத்திலிருந்து வெட்டினான். விரல் மேல் ஒரு தடவைகூடக் கை படவில்லை. வலிக்கிற காலை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியும்.

“பக்குத்தேயா?”

“நேத்து.”

“பெரிய வாரத்துல. நல்லா இருங்க.” தண்ணீர்ப் புட்டியைத் திறந்து என் விரல் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கைக்குட்டையால் ஒற்றி எடுத்தான்.

“இரு, உன் கால இப்பவே நான் கழுவுறேன்” என்று நாற்காலியை விட்டு இறங்கப் பார்த்தேன். ஒரு பக்கம் வயிறு, ஒரு பக்கம் விரல். பாதி இறங்கி, மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் தொங்கினேன். ரோசம்மாதான் அக்குளில் கைகொடுத்து என்னைத் தூக்கி உட்கார வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை வர்றேன்டா. என் கையால கழுவுறேன். இது அருளப்பன் வாக்கு.”

“சரி முதலாளி.”

வெள்ளியும் சனியும் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. ஈஸ்டர் ஞாயிறன்று மகன் காரோட்ட, புதுப் பேசின், புதுத் துண்டு, வாசனைச் சோப்பு எல்லாவற்றோடும் பண்டமாரான் போய் இறங்கினேன். (பேசினில் பெயர் எழுத நேரமில்லை.) கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, உங்களுக்குத் தெரியாதா? வெள்ளிக்கெழம ராத்திரி அவருக்குக் காய்ச்சல். புண்ணு மேல ஏறிடுச்சாம். நேத்தே கால எடுத்துட்டாங்க.”

பேசினைக் கீழே வைக்க ஞாபகம் இல்லாமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குள் நொண்டிக்கொண்டு போனேன். காவலாளி ஒன்றும் கேட்கவில்லை. சவரி கண்ணைத் திறந்தான். முதலில் என்னைப் பார்த்தான், பிறகு பேசினை.

“லேட்டு முதலாளி. லோட் போயிடுச்சு.”

என் லோரி தாமதமாக வந்து துறைமுகத்தில் சரக்கு தவறும்போதெல்லாம் அவன் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். ரோசம்மா என் கையிலிருந்து பேசினை வாங்கினாள். விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, தண்ணீர் பிடித்து வந்து அவனுடைய முகத்தைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு நான் சப்பாத்து போட்டதில்லை. கல்யாணமோ, வங்கியோ, எங்கே போனாலும் சிலிப்பர்தான். லைவ் வீடியோவை யாரோ எடுத்து வைத்து ஆஸ்திரேலியாவுக்கும் இங்கேயுமாக அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் வீட்டில் காலணி கழற்றும்போதெல்லாம் “டேய்! விடுடா!” என்று கத்துவது பழக்கமாகிவிட்டது. ஃபாதர் டேனியல் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அங்கிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் என் விரலை விசாரிக்கிறார்.

போன கிறிஸ்துமஸுக்குச் சவரியையும் ரோசம்மாவையும் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல அந்தக் கதை. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சவரி என் மகனைக் கூப்பிட்டான்.

“தம்பி, உங்கப்பா போற அன்னிக்குச் சப்பாத்து மட்டும் மாட்டி அனுப்பிடாதீங்க. அங்க இயேசு சாமி காலக் கழுவ வந்து குனிஞ்சா, இவரு அவரையும் ‘டேய் விடுடா’ன்னுருவாரு.”

வீடே அதிர்ந்தது. ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சவரியும் சிரித்தான். பிறகு குனிந்து, மடித்துவிட்டிருந்த கால்சட்டையின் இரண்டு முனைகளையும் பார்த்தான்.

“எனக்கு அந்தக் கவல இல்ல” என்றான்.

சொல்லிவிட்டுக் காலித் தட்டை என் பக்கம் நீட்டினான். நான் எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தேன்.