பெண் பார்க்கப் போய் பைகால் ஏரியில் விழுந்தேன்

பயந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும், எனக்குத் திறந்துகொள்ளும். எண்பதுகளின் நடுவில், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த நான், அக்காவோடும் மாமாவோடும் காவேரிப்பட்டினத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது அதுதான் நடந்தது.

"ஷிப்ட் இல்லாத நேரத்துல என்ன பண்ணுவீங்க தம்பி?" என்று பெண்ணின் அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"படிப்பேனுங்க" என்றேன். (அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.) அந்த வாரம்தான் நூலகத்தில் சைபீரியாவின் பைகால் ஏரியைப் பற்றிப் படித்திருந்தேன். ஆரம்பித்துவிட்டேன். இரண்டரைக் கோடி வருடப் பழைய ஏரி. ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். உலகத்து ஆறுகளிலும் ஏரிகளிலும் இருக்கும் நல்ல தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது ஒன்றிலேயே. குளிர்காலத்தில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்க, அதன் மேல் லாரி ஓடும். கடல் எங்கோ இருக்க, சீல் என்கிற கடல்நாய்கள் அதில் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. பஜ்ஜி ஆறியது. அக்கா என் காலை மிதித்தாள். மிதிபட்டது என் கால்தான் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"நம்ம கிருஷ்ணகிரி டேமை விடப் பெருசுங்களா?" என்றார் அவர்.

"டேமா? அதுக்கு முன்னால இது குட்டைங்க!"

மாமா குனிந்து என் காதில் சொன்னார்: "டேய், அவரு இருபது வருசமா அந்த டேம்ல மதகு ஆப்பரேட்டருடா."

அக்கா கிளம்பத் தயாராகிப் பையை எடுத்துவிட்டாள். அப்போது உள்ளே நின்றிருந்த பெண், சரோஜா, கதவோரம் வந்தாள்.

"கடலே இல்லாத எடத்துக்கு அந்த சீல் எப்படிங்க போச்சு?"

எதையாவது அடித்துவிட வாய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவள் என்னைச் சோதிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். நான் பெருமையடிக்கத் தூக்கி வந்த ஏரியை, அந்த வீட்டில் ஆச்சரியத்தோடு பார்த்தது அவள் ஒருத்திதான்.

"தெரியலைங்க" என்றேன். அன்று நான் பேசியதிலேயே சிறியது அதுதான்.

பதினைந்து நாள் கழித்து, யாரும் எதிர்பாராமல் சம்மதம் வந்தது. "தெரியாததைத் தெரியலன்னு சொல்ற ஆளுப்பா" என்று சரோஜா அப்பாவிடம் வாதாடினாளாம்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் என்னை டேமுக்குக் கூட்டிப்போனார். மதகு திறந்ததும் தண்ணீர் இரைந்து பாய்ந்தது. காலடியில் கல் அதிர்ந்தது. ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். பிறகு அவர் வெள்ளம் வந்த வருடங்களைச் சொல்ல, நான் கேள்வி கேட்க, வீடு திரும்பும்போது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவே வழக்கமானது. எங்களைத் தேடி யார் வந்தாலும் சரோஜா வாசலிலேயே சொல்லிவிடுவாள்: "மாமனாரும் மருமகனும் சைபீரியா போயிருக்காங்க. நீங்க உக்காந்து சாப்பிடுங்க."