தெளிந்த கையும் போதைக் காலும்

சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. ஒருவன் தானாகக் குடித்துவிட்டுக் குற்றம் செய்தால் அது குற்றமே. பிறர் அவனை விருப்பத்துக்கு மாறாகக் குடிக்க வைத்து, செய்வது இன்னதென்று தெரியாமல் செய்திருந்தால் குற்றமில்லை. போன வருஷம் இஸ்திரிக்காரம்மாவின் புருஷன் போதையில் உரிம அலுவலகத்து வாசல் பூந்தொட்டியை உதைத்து உடைத்தான். இந்தச் சட்டப்படிதான் ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். குடித்தது அவன்தானே என்று அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

இப்போது அதே அலுவலகத்து உரிம அதிகாரி, ஒரு சாயங்காலம் தன் ஜீப்பை அவளுடைய இஸ்திரி வண்டிமேல் ஏற்றிவிட்டார். வண்டி விறகாகிவிட்டது. இரும்புப் பெட்டி மட்டும் உருண்டுபோய்த் தப்பித்தது. யாரும் ஜெயிலுக்குப் போகவேண்டாம். வேறு வண்டியும், வழக்கமாக நிற்கும் அதே முனையில் நிற்க அனுமதியும் கிடைத்தால் போதும் என்றிருந்தாள். அந்த மனுஷன் குடியை விடட்டும் என்று தினமும் சாமியிடம் வேண்டிக்கொள்ளவும் செய்தாள்.

வழக்கு வந்தது. அதிகாரியின் வக்கீல் எழுந்தார்.

“கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர் குடிக்கவில்லை. அரசாங்கம் அவரைக் குடிக்க வைத்தது.”

மதுக்கடைக்கு உரிமம் தருமுன் சரக்கை அதிகாரி ருசி பார்த்துத்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதியாம். அன்று பார்த்து ஏழு கடைகளாம். ருசி பார்த்துவிட்டுத் துப்பியிருக்கலாமே என்று நீதிபதி கேட்டார்.

“சோதனைக்குத் தரும் சரக்கு அரசாங்கச் சொத்து. அதைத் துப்புவது சேதப்படுத்தியதாகும். அதற்குத் தனி வழக்கு உண்டு.”

நீதிபதி தலையாட்டினார். ஆனால் செய்வது தெரியாத நிலையில் அவர் இருந்தாரா என்பது நிரூபணமாக வேண்டுமே. அதிகாரி கூண்டில் ஏறினார். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லும்படி வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். ஜீப் ஓட்டியது தெரியுமா? தெரியாது. வண்டி? தெரியாது. அரசு வக்கீலம்மா கொட்டாவியை அடக்கிக்கொண்டு, கடைசியாக ஒன்று கேட்டார்.

“அன்னைக்கு நீங்க போட்ட கையெழுத்தெல்லாம்?”

“தெரியாது.”

பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. ஏழு மதுக்கடைக்காரர்களும் எழுந்துவிட்டார்கள். அதிகாரிக்கோ வாய் நிற்கவில்லை. ருசி பார்ப்பது தன் தினசரி அலுவல், வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் எந்தக் கையெழுத்தையும் தான் நினைவோடு போட்டதில்லை என்று மார்தட்டிக்கொண்டார். இந்தப் புதுக் கோர்ட்டுக் கட்டடத்துக்கும் தானே கையெழுத்திட்டதாகப் பலர் சொல்லக் கேள்வி என்றார்.

நீதிபதி மெல்ல அண்ணாந்து கூரையைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். வழக்கு மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

மறுநாள் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. மேற்படி நாளில் கையெழுத்திட்ட கை பூரண நிதானத்தில் இருந்தது. ஜீப்பை மிதித்த கால் மட்டும் போதை வசப்பட்டிருந்தது. காலின் பிழைக்குக் கையைத் தண்டிப்பது தர்மமல்ல. காலை மட்டும் சிறையிலடைக்க விதியில் இடமில்லை. ஆகவே விடுதலை. புது வண்டிக்கும் அனுமதிக்கும் புகார்தாரர் மனுச் செய்யலாம். அதில் உரிம அதிகாரியின் கையெழுத்து வேண்டும்.

“பூந்தொட்டியை நானும் காலாலதானே உதைச்சேன்?” என்று புருஷன் அவள் காதில் முணுமுணுத்தான். “நீ வேலையில்லாம குடிச்ச, அவரு வேலையா குடிச்சாரு. பேசாம வா,” என்றாள்.

மறுநாள் காலையில் மனுவோடு போனாள். அதிகாரி தெளிவாக இருந்தார். மனுவை வரிவரியாகப் படித்தார். அதைக் கொண்டுவா, இதைக் கொண்டுவா, அடுத்த மாதம் வா என்றார். வெளியே பியூன் அவளைத் தனியே கூப்பிட்டான்.

“விவரம் தெரியாத ஆளா இருக்கீங்களேக்கா. காலைல வந்தா படிச்சுப் பாப்பாரு. சாயங்காலம் வாங்க.”

சாயங்காலம் போனாள். வரிசை வாசல் தாண்டி, புதுப் பூந்தொட்டிவரை நின்றது. முன்னால் மதுக்கடைக்காரர்கள், நடுவில் வக்கீல்கள் இருவரும், அவர்களுக்குப் பின்னால் நீதிபதியின் வீட்டு மாடிக்கு அனுமதி கேட்டு அவருடைய மைத்துனர். ஜீப்பை யாரோ முன்னெச்சரிக்கையாகத் தெருமுனைக்கே தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள்.

இஸ்திரிக்காரம்மா கடைசியில் போய் நின்றாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடி, சாமி, அந்த மனுஷன் குடியை நாளைக்கு விடட்டும் என்று வேண்டினாள்.

உள்ளே பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டது. வரிசை மொத்தமும் கையெடுத்துக் கும்பிட்டது.