மீன்களின் தனி மதிப்பு

மனிதன் படைப்பின் சிகரமல்லன் என்ற பேருண்மை உலகத்துக்கு எப்போது விளங்கியதோ தெரியாது. வீரபாண்டி என்ற ஊருக்கு 2007ஆம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு விளங்கியது. சாயப்பட்டறை முதலாளி தனபால் அப்போதுதான் தொழிலாளர் கூட்டத்தைக் கூட்டினார்.

"எல்லா உயிருக்கும் தனி மதிப்பு உண்டுங்க. மனுசன் அதுல ஒருத்தன், அவ்வளவுதான்."

இந்த ஞானத்தின் ஊற்று, பனியன் வாங்கும் ஜெர்மனிக்காரர்கள் அனுப்பிய ஈமெயில். "வெள்ளிக்கெழம ஆடிட்டுக்கு ஒரு அம்மா வர்றாங்க. நாம சுத்தம் பண்ணுன சாயத்தண்ணியில மீன் நீந்தோணும்."

ஐந்து மீன்கள் வந்தன. துணி உலர்த்தும் வேலாத்தாள் 'உயிரினப் பொறுப்பாளர்' என்னும் உயர்பதவிக்கு நியமிக்கப்பட்டாள். சுத்திகரித்த தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, மீன்களைப் பதமாக இறக்கிவிட்டாள். மதியச் சோற்று நேரத்துக்குள் ஐந்தும் மல்லாந்துவிட்டன. அவள் தனபாலிடம் ஓடினாள்.

"செத்துப்போச்சுங்க."

"போச்சாது, போனாப் போகுது, வேற வாங்கிக்கலாம் அம்மணி."

தனி மதிப்புள்ள உயிர்கள் கடையில் டஜன் கணக்கில் கிடைத்தன. புதன்கிழமை டஜனும் அதே வழி போனது. வியாழக்கிழமை தனபால் வரலாற்று முடிவொன்றை எடுத்தார்: ஆட்கள் குடிக்க லாரியில் வரும் நல்ல தண்ணீர் முழுவதும் இனி மீன்களுக்கே.

"அப்ப எங்களுக்குங்க?" என்றாள் வேலாத்தாள்.

"சுத்தம் பண்ணுன தண்ணிதான் கொழாயில வருதில்ல? மனுசன் எதையும் தாங்குவான். மீன் பாவம், வாயில்லாச் சீவன்."

வாயுள்ள அறுபது சீவன்கள் நாக்கு வறண்டு நின்றன. வேலாத்தாள் குழாய்த் தண்ணீரை ஒரு மடக்கு குடித்துப் பார்த்துத் துப்பினாள். அன்று பொழுதுக்கும் அவள் வேறெதுவும் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெள்ளைக்கார அம்மா வந்தார். மொழிபெயர்க்க ஆபீஸ் மோனிஷா. லாரித் தண்ணீரில் புது மீன்கள் துள்ளின. "எல்லாம் சுத்திகரிச்ச சாயத்தண்ணிங்க" என்று தனபால் பணிவோடு சொல்லிக்கொண்டிருந்தபோது, தாகம் தாங்காத வேலாத்தாள் தொட்டியில் டம்ளரை முக்கி மடமடவென்று குடித்தாள்.

அம்மா கைதட்டிவிட்டார்.

"குடிக்கவே முடியுதான்னு ஆச்சரியப்படறாங்க சார்" என்றாள் மோனிஷா.

தனபாலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "எங்க ஆளுக எல்லாரும் இதைத்தானுங்க குடிக்கறாங்க. நானுங்கூட!"

வேலாத்தாள் சுத்திகரிப்புக் குழாயடிக்குப் போய் அதே டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்தாள். தண்ணீர் இளநீலமாக நுரைத்திருந்தது.

"தொட்டியில இருக்கறது பழசுங்க. உங்களுக்குன்னு புதுசாப் புடிச்சிட்டு வந்தனுங்க. குடிங்க சாமி" என்று தனபாலிடம் நீட்டினாள்.

அம்மா ஆவலோடு பார்த்தார். மோனிஷா தரையைப் பார்த்தாள். தனபால் டம்ளரை வாங்கி வாய்வரை கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது.

ஓர் உயிரின் தனி மதிப்பு என்னவென்று அவருக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது. அறுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த உயிர் அவருடையது.