லேக் இல்லாமல் ஓடும் ஏரி

பழவேற்காடு,
சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

அன்பு மச்சான் பிராங்க்ளினுக்கு, மாமா அந்தோணிசாமி எழுதுவது.

மாதாவின் கருணையால் இங்கே நானும் உன் அக்கா ரோசியும் உன் அக்கா மகள் சோபியாவும் நலம், என் வலது காலைத் தவிர. அதுவும் மாவுக்கட்டுக்குள் நலமாகத்தான் இருக்கும் என்று பொன்னேரி டாக்டர் சொல்கிறார். நான் அதைக் கண்ணால் பார்த்து நாளாகிவிட்டதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சென்னையில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நான் எதை ஆரம்பித்தாலும் பாதியிலேயே "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும், மறுபடி எடுக்கும்போது நான் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். படகுத்துறையில் பாசி வழுக்கி நான் விழுந்ததும், எலும்பு கூடும்வரை படகில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் தெரியும். எந்நேரமும் ஏரியிலேயே கிடந்தவனைப் பிடித்து வீட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தால் அவன் என்ன ஆவான் என்பது தெரியாது. முதலில் எனக்குக் கோபம் வந்தது, பிறகு என்னால் உன் அக்காவுக்குக் கோபம் வந்தது. எங்கள் தெரு ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஜன்னலில் பார்த்தால் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியும் ஒரு முருங்கை மரமும்தான். காற்று திரும்பும்போது சேற்று வாசனை மட்டும் உள்ளே வரும். அதை மூக்கில் வைத்துக்கொண்டு, இப்போது தண்ணீர் ஏறுகிறதா, வடிகிறதா என்று கண்ணை மூடி யோசித்துக்கொண்டே இருப்பேன். அப்படி ஒருநாள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சோபியா, "நைனா, நீ ஏரிக்குப் போவ முடியலன்னா இன்னா, நான் ஏரிய வூட்டுக்குள்ள கொண்டாரேன்" என்றாள். கல்லூரிக் கடைசி வருஷத்துக்கு அவள் செய்து காட்ட வேண்டிய வேலையாகவும் அதையே எடுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டருக்குள் நம் ஏரி, ஏரிக்குள் ஒரு படகு, அம்புக்குறி பொத்தானை அழுத்தினால் படகு அந்தப் பக்கம் போக வேண்டும்.

அதற்குக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாது என்று உன்னைக் கேட்டாள். நீயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்துக்கு, ஐஸ் பெட்டி அளவில் ஒரு டப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே விசிறிகள், விசிறிக்கெல்லாம் ஊதா விளக்கு. தெருவே வந்து பார்த்தது. "இந்தக் கார்டு போட்டா லேக்கே இருக்காது மாமா" என்று நீ சொன்னதும் நான் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் லேக் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள், நீ லேக்கே இருக்காது என்கிறாய், லேக் இல்லாவிட்டால் படகு எதன்மேல் போகும் என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அது தண்ணி லேக்கு மாமா, நான் சொல்றது வேற லேக்கு. படம் திக்கித் திக்கி ஓடுமே, அது" என்று விளக்கினாய். பிறகு ஒயரையெல்லாம் நீயே மாட்டி, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, நண்டுக் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனாய். நீ பொன்னேரி ஸ்டேஷன் போய்ச் சேர்ந்திருக்க மாட்டாய், இங்கே நீ சொன்ன அந்த வேறு லேக் வந்துவிட்டது.

சோபியா ஏரியைத் திறந்தாள். தண்ணீர் வந்தது, படகும் வந்தது. ஒரு தள்ளு நகர்ந்துவிட்டு, ஏதோ மறந்துவிட்டதுபோல் நின்றது. யோசித்துவிட்டு இன்னொரு தள்ளு. அவள் முகம் வாடிப்போய், "கார்டு கீது, டிரைவர் இல்லியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூடையோடு உள்ளே வந்த உன் அக்கா காதில் அது விழுந்திருக்கிறது. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கோதண்டத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். "டிரைவர் இல்லன்னியே, இந்தா" என்றாள். கோதண்டமும் காக்கிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "எங்கமா போவணும்?" என்றான். சோபியா தலையில் கை வைத்துக்கொண்டு, கார்டுக்குப் படம் வரையத் தெரியும், ஆனால் எதை எப்படி வரைவது என்று கம்ப்யூட்டர் அதனிடம் சொல்வதற்கு நடுவில் ஒரு புரோகிராம் வேண்டும், அதன் பேர்தான் டிரைவர் என்று பொறுமையாகச் சொன்னாள். கோதண்டம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ அவரு எங்க கீறாரு?" என்றான். "இன்டர்நெட்ல." "நம்ம தெருவுல அது வராதே பாப்பா. பாலத்து மேலதான் வரும். வா, போயி இட்டாந்துடுவோம்" என்றான். அப்படித்தான் மச்சான், ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரைக் கூட்டிவரக் கிளம்பினான். "நைனாவும் வரட்டும், வூட்டுல இருந்தா அம்மாகூட சண்டை போடும்" என்று சோபியா என்னையும் ஏற்றிக்கொண்டாள்.

அந்தப் பாலத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்லியாக வேண்டும். லைட் ஹவுஸ் குப்பம் போகிற பாலத்தில், நட்டநடுவில், ஓரமாக ஆட்டோவை நிறுத்தினான் கோதண்டம். சோபியா தோழியிடம் வாங்கிவந்த லேப்டாப்பை மடியில் வைத்து, போனைக் கம்பியில் சாய்த்து வைத்தாள். டிரைவர் இறங்க ஆரம்பித்தது. ஆட்டோவில் ஏற்கெனவே குப்பத்துக்குப் போக ஏறியிருந்த அங்காளம்மாளும் இன்னொரு பொம்பளையும் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். போகச் சொல்லுவார்கள் என்று பார்த்தால், "இன்னா எறங்குதாம்?" என்று அங்காளம்மாள் கேட்டாள். "டிரைவர் எறங்குறாராம்" என்றான் கோதண்டம். "எறங்கட்டும், எறங்கட்டும், பாவம்" என்று சொல்லி அவள் வெற்றிலையை எடுத்தாள். நான் கட்டுப் போட்ட காலை ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தேன். இத்தனை நாள் கழித்துப் பார்க்கிறேன் மச்சான். முகத்துவாரத்துப் பக்கமிருந்து கடல் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. தூரத்தில் பூநாரைகள் நின்ற இடம், யாரோ வெள்ளைத் துணியை ரோஸ் தண்ணீரில் அலசிக் காயப் போட்டதுபோல் இருந்தது. வானம் எங்கே முடிந்தது, ஏரி எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. ஒரு படகு வானத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோ, கூடை, நாங்கள் எல்லோரும் அந்த வெளிச்சத்துக்குள் மிதக்கிறோமோ என்று தோன்றியது. "பாதி வந்துடுச்சி" என்று சோபியா மெதுவாகச் சொன்னாள், குழந்தை தூங்குகிற வீட்டில் சொல்வதுபோல. அவசரமில்லை என்றேன். வாழ்க்கையில் எந்த டிரைவருக்காகவும் நான் அப்படிச் சந்தோஷமாகக் காத்திருந்ததில்லை.

வந்த டிரைவரைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டால், இது லேப்டாப்புக்கு உண்டானது, பெரிய கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டது. மறுநாள் மறுபடியும் பாலம். இந்த முறை சரியானதுதான் வந்தது, கம்ப்யூட்டரும் மறுப்பு சொல்லாமல் ஏற்றுக்கொண்டது, ஆனால் ஏரி அதே திக்கல்தான். புதுசு சரியில்லை, பழைய டிரைவர்தான் நன்றாக ஓட்டுவார் என்று யாரோ இன்டர்நெட்டில் எழுதியிருந்தார்களாம். கோதண்டம் அதை முழு மனதோடு ஒத்துக்கொண்டான். பழையதைப் போடுமுன் இருப்பதையெல்லாம் நீக்க வேண்டும் என்று சோபியா நீக்கினாள். திரை கறுத்துப்போனது. உன் அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். திரும்பி வந்தபோது ஒவ்வொரு எழுத்தும் மீன் கடைப் பலகை எழுத்து அளவுக்கு இருந்தது. எனக்குக் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது, "இப்டியே இருக்கட்டுமே" என்றேன். சோபியா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். மறுபடி பாலம், மறுபடி அங்காளம்மாள். "இவரு எத்தினியாவது டிரைவரு? ஒருத்தரும் நெலச்சி நிக்க மாட்டாங்களா?" என்று அவளே பேஜாராகிவிட்டாள். கோதண்டத்துக்கோ எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம், "ஆஃப் பண்ணி கொஞ்சம் ஆற வுடு." நீ போனில் சொல்வதையே அவன் தமிழில் சொல்கிறான்.

இப்போது ஒரு விஷயத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தத் திக்குகிற ஏரி எனக்குப் பிடித்துவிட்டது. மதியத்தில் சோபியா கல்லூரிக்கும் உன் அக்கா மீன் ஏலத்துக்கும் போனபிறகு, நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். பொத்தானை அழுத்துவேன். நாரை இறக்கையைத் தூக்கும். நான் ஒரு வாய் டீ குடிப்பேன். இறக்கை கீழே வரும். ஒரு அலை எழுந்து, இறங்கலாமா என்று யோசித்து, பிறகு இறங்கும். காற்று விழுந்துபோன உச்சிவேளையில், வலையைப் போட்டுவிட்டுப் படகில் மல்லாந்து படுத்திருக்கும்போது நம் ஏரி இப்படித்தான் இருக்கும். எதற்கும் அவசரம் இராது. மீனுக்குக்கூட இராது. அப்படிப் பார்த்துக்கொண்டே கண் சொக்கிப் போய்விடுவேன். தூக்கத்தில் நாற்காலி லேசாக ஆடும். கால் வலி எங்கேயோ கரையில் நின்றுவிடும். ஒருநாள் விழித்தபோது கை தானாகப் படகு தள்ளுகிற கழியைத் தேடியது, தரையில் துடைப்பம்தான் அகப்பட்டது.

ஆனால் வரும் வெள்ளிக்கிழமை சோபியா செய்ததற்கு மார்க் போட, சென்னையிலிருந்து பெரியவர்கள் அவள் கல்லூரிக்கு வந்து பார்க்கப்போகிறார்கள். இந்தப் படகை அவர்கள் முன்னால் ஓட்டினால் கரை சேர்வதற்குள் அவர்கள் ரயில் போய்விடும். நேற்று சோபியா விளக்கெரிகிற அந்த டப்பாவின் முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். "ஏரிய ஒழுங்காதான் செஞ்சேன் நைனா. இது ஓட மாட்டேங்குது" என்றாள். என் காலை முறித்துக்கொண்டபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. ஆகையால் மச்சான், என் தூக்கம் போனால் போகட்டும், உலகத்தில் எந்த டிரைவர் நல்லவரோ அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு நீயே உடனே கிளம்பி வா. ரீஸ்டார்ட் என்ற சொல்லை இந்த வீட்டுக்குள் உச்சரிக்காதே. வரும்போது தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டி வா, இறால் இப்போது நன்றாக விழுகிறது என்று வாசனையிலேயே தெரிகிறது. உன் தொழில் பெருகவும், உன் வீட்டில் கரண்டு போகாமலிருக்கவும், உன் கையால் மாட்டியதெல்லாம் நன்றாக ஓடவும் மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு, ஒற்றைக் காலில் நின்று உன்னை எதிர்பார்க்கும்,
அந்தோணிசாமி

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். தபால் பெட்டியில் போடச் சொல்லி இந்தக் கடிதத்தைக் கோதண்டத்திடம் கொடுத்தேன். அவன் சீட்டுக்கு அடியில் வைத்து மறந்துவிட்டு, வெள்ளிக்கிழமையெல்லாம் கழிந்தபிறகு இன்றைக்குத்தான் திருப்பிக் கொண்டுவந்தான். மேலே எழுதியது எதுவும் இப்போது இல்லை. புதன்கிழமை உன் அக்கா கூடையிலிருந்து ஒரு நண்டு தப்பித்து டப்பாவுக்குப் பின்னால் புகுந்துவிட்டது. அவள் துடைப்பத்தை விட்டுக் குடைந்ததில் நண்டோடு ஸ்கிரீன் ஒயரும் கழன்று வந்தது. எங்கே இருந்தது என்று தெரியாமல், பொருந்துகிற ஓட்டை ஒன்றைப் பார்த்துச் சொருகினாள். ஏரி பிய்த்துக்கொண்டு ஓடியது! சோபியா கத்திய கத்தலில் நண்டே நின்றுவிட்டது. டிரைவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தானாம். நீதான் அன்றைக்கு அந்த ஒயரைக் கார்டில் மாட்டாமல், அதற்கு மேலே இருக்கிற வேறு ஓட்டையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய். கார்டு இத்தனை நாளும் விளக்கை எரித்துக்கொண்டு வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது, என்னைப் போல. மாட்டியது யார் என்று நான் உன் அக்காவிடம் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொண்டிருக்கிறாள், தெருவுக்கே கேட்கிறது. டப்பாவைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டியதில், வெள்ளிக்கிழமை வந்த பெரியவர்களில் ஒருவர் படகை விட்டு இறங்க மாட்டேன் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாராம், மற்றவர்கள் வரிசையில் நின்றார்களாம். சோபியா ஜெயித்துவிட்டாள். இப்போது நாரை கண்ணிமைப்பதற்குள் பறந்துவிடுகிறது, பொத்தானைத் தொட்டால் படகு லைட் ஹவுஸ் குப்பத்து மணலில் போய் ஏறி நிற்கிறது. ஒரு வாய் டீ குடிக்க நேரமில்லை. அதனால் அவள் கல்லூரிக்குக் கிளம்பியதும் நான் மெதுவாகக் குனிந்து ஒயரைப் பிடுங்கி, நீ மாட்டிய ஓட்டையிலேயே மாட்டிவிடுகிறேன், அவள் வருமுன் மாற்றிவிடுகிறேன். அவளிடம் சொல்லிவிடாதே. போன் செய்வதானால் மதியத்தில் செய்யாதே, நான் ஏரியில் இருப்பேன்.