தரையைத் தொடாத பந்து

கம்பைநல்லூருக்கு வெளியே, புளியமரங்கள் முடிந்து கல்குவாரி தொடங்கும் இடத்தில் இருக்கிற அரசுக் கல்லூரிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஏழாம் தேதி வந்து சேர்ந்த அந்தக் கடிதம், ஐந்தாம் தேதிக்குள் பதில் கேட்டிருந்தது. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

விஷயம் இதுதான். மாணவர்களை உலகத் தரத்துக்கு உயர்த்தும்பொருட்டு எல்லாக் கல்லூரிகளும் உடனடியாக ஓர் அமெரிக்கக் கால்பந்து அணியை உருவாக்க வேண்டும். இந்தக் கால்பந்தில் காலுக்குப் பெரிய வேலை கிடையாது. பந்தும் உருண்டை கிடையாது, பப்பாளிக்காய் மாதிரி இருக்கும். ஒருவன் பின்னால் நின்று எறிவான், இன்னொருவன் முன்னால் ஓடிப்போய்ப் பிடிப்பான். எறிகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அணியின் வெற்றி முழுக்க அவன் கையில் இருப்பதால், அவனைக் கை பலத்தின் அடிப்படையில் மட்டுமே தேர்வு செய்ய வேண்டும். கை பலம் என்றால் என்ன? படிவம் மூன்றின் அடிக்குறிப்பு சொன்னது: 'பந்து கையை விட்ட இடத்திலிருந்து தரையைத் தொடும் இடம் வரையிலான தூரம்.'

உடற்கல்வி இயக்குநர் மதியழகன் இதை மூன்று முறை படித்தார். அவர் பதினேழு வருஷமாகத் தற்காலிகம். அந்தப் பதினேழு வருஷத்தில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், சர்க்கரை வியாதி எல்லாம் நிரந்தரமாகிவிட்டன, வேலை மட்டும் ஆகவில்லை. சுற்றறிக்கையின் கடைசி வரியில், சிறந்த அணியை உருவாக்கும் தற்காலிக இயக்குநர்களின் பணி நிரந்தரம் 'கனிவுடன் பரிசீலிக்கப்படும்' என்றிருந்தது. 'கனிவுடன்' என்பதற்குக் கீழே அவர் இரண்டு கோடு போட்டார்.

அதுவுமில்லாமல், கை பலத்தில் அவருக்குச் சொந்த அனுபவம் உண்டு. பத்தொன்பது வயதில் மாவட்டத்திலேயே கிரிக்கெட் பந்தை அதிக தூரம் எறிந்தவர் அவர்தான். லேமினேட் செய்த சான்றிதழ் வீட்டில் மாட்டியிருக்கிறது. அதே வருஷம் அரூரில் நடந்த ஆட்டத்தில், எல்லைக்கோட்டிலிருந்து அவர் எறிந்த பந்து விக்கெட் கீப்பரின் தலைக்கு மேலே போய், எதிர்ப்பக்க எல்லையையும் தாண்டி, எதிரணிக்கு நான்கு ஓட்டத்தையும் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தது. அதற்குச் சான்றிதழ் தரவில்லை, அதனால் மாட்டவில்லை. இப்போது அந்தக் கை சட்டென்று எழும்பாது, காதுக்கு மேலே தூக்கவும் வராது. தலையை இடது கையால்தான் சீவிக்கொள்கிறார்.

தேர்வுக் குழு கூடியது. குழு என்றால் முதல்வர் பானுமதியும் மதியழகனும்தான். முதல் ஆள் ரஞ்சித்குமார். ஜிம்முக்குப் போகிற பையன். காலையில் டப்பா மாவைக் கலக்கிக் குடிப்பான். சட்டைக் கையைச் சுருட்டி விட்டால் அதற்குக் கீழே ரத்தம் போகுமா என்று பார்க்கிறவர்களுக்குக் கவலை வரும். அவன் எறிந்த பந்து ஐம்பத்தெட்டு மீட்டர் போனது. எதிரே பிடிக்க நின்ற ஐந்து பேரும் அண்ணாந்து பார்த்து வழியனுப்பி வைத்தார்கள்.

அடுத்து சர்தார். ஊரில் நிசார் அகமதுவின் பழ மண்டியில் வேலை பார்க்கிற பையன். காலேஜ் நேரம் போக மீதி நேரமெல்லாம் லாரியில் நின்று தர்பூசணி இறக்குகிறவன். அவன் மேலேயிருந்து போடுவான், கூட்டாளி குமார், பிடிக்க நின்ற ஐந்து பேரில் ஒருவன், கீழே நின்று பிடிப்பான். இங்கேயும் குமாரை ஓடச் சொல்லிவிட்டு, ஒரு கணம் பார்த்து, பந்தை விட்டான். முப்பத்தோரு மீட்டரில், ஓடிக்கொண்டிருந்த குமாரின் நெஞ்சுக்கு நேரே அது வந்து உட்கார்ந்தது. பத்து முறை எறிந்தான். பத்தும் அப்படியே.

"பந்து தரையைத் தொடவே இல்லையே," என்றார் முதல்வர், டேப்பைப் பிடித்துக்கொண்டு. "தூரத்தை எப்படி அளக்கறது?"

"புடிக்கறவன் கைக்குப் போகணும்ங்க மேடம்," என்றான் சர்தார். "பலமா வுட்டா கைய மீறிடும். பழம் ஒடஞ்சிடுங்க."

முதல்வர் யோசித்தார். "இது உடையற பொருளா?"

"இல்லீங்க."

"உடையாத பொருளை எதுக்குப் பிடிக்கணும்?"

சர்தார் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பதில் மதியழகனுக்குத் தெரியும். ஆனால் பதினேழு வருஷம் அவர் வாயை மூடியே வைத்திருந்ததால், திறக்கச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் சர்தாரின் படிவத்தில் 'பூஜ்யம்' என்று எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது.

பயிற்சி ஆரம்பித்தது. ரஞ்சித்குமார் எறிந்தான். ஒருவனும் பிடிக்கவில்லை. கை பலம் நிரூபிக்கப்பட்டுவிட்டதால் குற்றம் பிடிக்கிறவர்களுடையது என்பது தெளிவாயிற்று. ஐந்து பேருக்கும், பந்தை ஏன் பிடிக்கவில்லை என்று மூன்று நாளைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரச் சொல்லி மதியழகன் மெமோ கொடுத்தார். நான்கு பேர் பாட்டி செத்துவிட்டதாக எழுதினார்கள். குமார் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: 'ஐயா, பந்து வந்த இடத்தில் நான் இல்லை. நான் இருந்த இடத்துக்குப் பந்து வரவில்லை. எங்கள் இருவரில் யார் மீது நடவடிக்கை எடுப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்யவும்.'

அந்தத் தாளை மதியழகன் கோப்பில் வைக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

பாவம், ரஞ்சித்குமாரும் ஒருநாள் அவரிடம் தனியாக வந்து நின்றான். "சார், யாருமே புடிக்க மாட்டேங்கறாங்க. நான் யாருக்குங்க எறியறது?"

"சுற்றறிக்கைக்கு எறிடா," என்றார் மதியழகன்.

போட்டி பொம்மிடியில், ரயில் பாதையை ஒட்டிய மைதானத்தில் நடந்தது. பல்கலைக்கழகப் பார்வையாளராக மாதையன் என்பவர் புது டேப்போடு வந்திருந்தார். எதிரணி சேலத்துப் பக்கத்துப் பையன்கள். அவர்களுடைய எறிகாரனுக்குக் கை குச்சி மாதிரி இருந்தது. அவன் இருபது இருபது மீட்டராக எறிந்து, கம்பைநல்லூர்க்காரர்களை நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யத்தில் நிறுத்தினான்.

கடைசி எறி பாக்கி. ஒரு புள்ளியாவது எடுத்தால் மானம் மிஞ்சும். புள்ளி தரும் கோட்டுக்குப் பக்கத்தில் குமார் ஒண்டியாக நின்றான், அவனைச் சுற்றி ஈ காக்கை இல்லை. மெதுவாகப் போட்டால் போதும். சர்தார் பெஞ்சிலிருந்து மதியழகனைப் பார்த்தான். மதியழகன் சர்தாரைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். அதில் தூரத்துக்கு மூன்று கட்டம் இருந்தது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

ரஞ்சித்குமார் எறிந்தான். பந்து குமாரைத் தாண்டியது, கோட்டைத் தாண்டியது, மதில் சுவரைத் தாண்டியது, அப்போது பார்த்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்த நிலக்கரி கூட்ஸ் வண்டியின் திறந்த பெட்டியில் விழுந்தது. வண்டி சேலம் பக்கமாகப் போய்விட்டது.

மாதையன் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்வரை நடந்து திரும்பி வந்தார்.

"சுவர் வரைக்கும் எழுபது மீட்டர்னு போட்டுக்கலாங்களா?" என்றார்.

"எப்படிங்க?" என்றார் முதல்வர். "தரையைத் தொடற இடம் வரைக்கும்னு அடிக்குறிப்பு சொல்லுது. பந்து இன்னும் தரையைத் தொடலையே."

மாதையன் அடிக்குறிப்பை எடுத்துப் பார்த்தார். நியாயமாகத்தான் இருந்தது. ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி, வண்டி அடுத்து எங்கே நிற்கும் என்று கேட்டார். சிக்னலைப் பொறுத்தது என்று பதில் வந்தது. படிவத்தில், 'தூரம்: கூடிக்கொண்டிருக்கிறது' என்று எழுதி முத்திரை வைத்தார்.

நான்காம் நாள் மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரியோடு கொட்டும்போது பந்து தரையைத் தொட்டது. மீட்டரில் எழுதினால் ஐந்து இலக்கம் வந்தது. படிவத்தில் இருந்ததோ மூன்று கட்டம். அலுவலகத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு கட்டம் கூடுதலாக வரைந்தார்கள். வெற்றியைத் தீர்மானிப்பது கை பலமே என்று சுற்றறிக்கை முன்பே தெளிவுபடுத்திவிட்டதால், கம்பைநல்லூர்க் கல்லூரி மண்டலத்தின் தலைசிறந்த அணியாக அறிவிக்கப்பட்டது. நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம் என்பது 'இதர விவரங்கள்' என்ற தலைப்பில் இடம்பெற்றது.

ஊரே பூரித்துப்போனது. டீக்கடையில் 'நம்ம பையன் கை' என்றார்கள். அந்தக் கூட்ஸ் வண்டி ஜோலார்பேட்டை பக்கமாகப் போயிருந்தால் இன்னும் தூரம் கிடைத்திருக்குமே என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு. குமாரைப் பார்த்தால் மட்டும், பிடிக்கத் துப்பில்லாதவன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரயில் பாதை ஓரமாக மைதானம் கேட்டு ஒன்பது கல்லூரிகள் விண்ணப்பம் போட்டன.

மதியழகனுக்கும் ஆணை வந்தது. கனிவுடன் பரிசீலித்திருந்தார்கள். பணி நிரந்தரம். பணியிடம் கன்னியாகுமரி மாவட்டத்தில், கடலை ஒட்டிய ஒரு கல்லூரி. அதற்குமேல் எறிய நிலம் இல்லை.

அவர் மனைவி மணிமேகலை ஆணையை வாங்கிப் படித்தாள். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில், மாமியார் படுக்கையில், அவளாலும் கிளம்ப முடியாது. "நெம்ப பலமாத்தான் எறிஞ்சிருக்காங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

பொம்மிடி ஸ்டேஷன் வாசலில் அவர் பெட்டியோடு இறங்கியபோது, எதிரே பழக்கடை முன்னால் தர்பூசணி லாரி நின்றிருந்தது. மேலே சர்தார், கீழே குமார். பழங்கள் ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் நின்று பார்த்தார்.

"சார், வண்டியில சாப்புட ஒண்ணு எடுத்துட்டுப் போங்க," என்றான் சர்தார். குமார் ஒதுங்கி வழிவிட்டான். "புடிங்க சார்."

நல்ல எறி. பூவைப் போடுகிற மாதிரி, அவர் நெஞ்சுக்கு நேரே வந்தது. மதியழகனின் இடது கை பெட்டியைப் பிடித்திருந்தது. வலது கை வழக்கம்போல் பாதியில் நின்றது. பழம் அவர் காலடியில் விழுந்து, சிவப்பாகத் திறந்துகொண்டது.

குமார் பல்லைக் காட்டாமல் கேட்டான். "சார், விளக்கம் எழுதித் தர்றீங்களா?"

மதியழகன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பழம் நான் இருந்த எடத்துக்குத்தான் வந்தது குமாரு," என்றார். "கைதான் அங்க இல்ல."

அதற்குள் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலு பேர் வந்து கூடிவிட்டார்கள். ஒருவர் லாரியிலிருந்து உடைந்த பழம் வரைக்கும் அடி வைத்து நடந்து அளந்தார். திரும்பி சர்தாரை ஏற இறங்கப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"ஒம்பது அடிகூட இல்ல," என்றார். "பையனுக்குக் கையில பலமே பத்தலீங்க."